அந்நியரும் விருந்தினரும்: சுங்கை சிப்புட் வாசகர்களின் கேள்விகள்

சென்ற மாதம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நம் இதழின் வாசகர்கள் கூடிய மாலையொன்றில், ஐரோப்பிய மக்கள் வெளிநாட்டுப் பயணிகளை எப்படி நடத்துகிறார்கள் என்பது பற்றிப் பேசும்படி என்னை அழைத்திருந்தார்கள். பேச்சு நீண்டு, கேள்விகளுக்கு நேரமில்லாமல் போயிற்று. அன்று துண்டுத்தாள்களில் எழுதித் தந்த கேள்விகளில் பொதுவாகப் பயன்படக்கூடியவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். சிலர் கேட்டுக்கொண்டதால் எல்லாருடைய பெயர்களையும் விட்டுவிட்டேன்.

கேள்வி: அம்மா, நான் தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வுபெற்றவன். மனைவியுடன் ஒரு சுற்றுலாக் குழுவில் சேர்ந்து பாரிஸுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் சென்று வந்தேன். பாரிஸ் கடைக்காரர்கள் எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சுவிஸ் கிராமத்திலோ எதிரே வந்தவர்களெல்லாம் வணக்கம் சொன்னார்கள். பிரெஞ்சுக்காரர்கள் கர்வம் பிடித்தவர்கள், சுவிஸ்காரர்கள் பண்பாளர்கள் என்று நான் நினைப்பது சரிதானே?

பதில்: ஐயா, முடிவு கட்டுவதற்கு முன் அந்தப் பாரிஸ் கடைக்குள் குழுவாக நுழைந்த முறையை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். நம் ஊர்க் கடையில் நுழைந்ததும் நேராகப் பொருளிடம் போகிறோம், கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்கிறோம், பிறகுதான் கடைக்காரர் பக்கம் திரும்பி விலை கேட்கிறோம். அவரும் அதைக் குறையாக எண்ணுவதில்லை. பிரான்சில் கடை என்பது முதலில் அதில் நிற்பவருடைய இடம். வாசலைத் தாண்டியதும் அவர் முகத்தைப் பார்த்து 'போன்ஜூர்' என்று சொல்லி, முடிந்தால் 'மதாம்' அல்லது 'மொஸ்யூ' என்பதையும் சேர்த்துக்கொண்டு, அவர் பதில் வணக்கம் சொன்ன பிறகே தேவையைக் கேட்பது அங்குள்ள வழக்கம். ரொட்டிக்கடை, மருந்தகம், பேருந்து ஓட்டுநரின் இருக்கை, மருத்துவரின் காத்திருப்பு அறை என எல்லா இடத்துக்கும் இது பொருந்தும். வணக்கம் சொல்லாமல் 'இது எவ்வளவு?' என்று ஆங்கிலத்தில் கேட்பவர், அங்கே நிற்பவரை மனிதராக மதிக்காமல் ஒரு கருவியைப் போல் நடத்திவிட்டார் என்றே அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு பேருந்து நிறைய ஆட்கள் அப்படி நுழைந்தால் கடைக்காரர் முகம் எப்படி இருக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். பழச் சந்தையில் இன்னொன்றும் உண்டு: பிரான்சிலும் இத்தாலியிலும் பல கடைகளில் பழத்தை விற்பவர்தான் எடுத்துத் தருவார். மாம்பழத்தை அழுத்திப் பார்த்துப் பழகிய நம் விரல்களுக்கு அது கடினமான சோதனைதான்.

சுவிஸ் கிராமத்தைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. கிராமத் தெருவிலும் மலைப்பாதையிலும் எதிர்ப்படுபவருக்கு வணக்கம் சொல்வது அங்கே பழக்கம். ஆனால் அதே மனிதர் மறுநாள் சூரிக் இரயில் நிலையத்தில் உங்களைக் கடந்து செல்லும்போது ஏறிட்டுக்கூடப் பார்க்க மாட்டார். நீங்கள் ஒப்பிட்டது ஒரு பெருநகரத்தின் கடைத்தெருவையும் ஒரு மலைக்கிராமத்தையும். பிரான்சின் உட்பகுதிக் கிராமம் ஒன்றில் நடந்திருந்தால் அங்கும் உங்களுக்கு வணக்கம் கிடைத்திருக்கும். எனக்குத் தெரிந்தவரை, ஐரோப்பாவில் வெளிநாட்டவருக்குக் கிடைக்கும் நடத்தை நாட்டைப் பொறுத்து மாறுவதைவிட, அவர் அங்கே வாடிக்கையாளராக நிற்கிறாரா, வழிப்போக்கராக நடக்கிறாரா, வீட்டு விருந்தினராக நுழைகிறாரா, குடியேற வந்தவராகத் தெரிகிறாரா என்பதைப் பொறுத்தே அதிகம் மாறுகிறது. கீழே உள்ள கேள்விகளில் பலவற்றுக்கும் இதை மனத்தில் வைத்துத்தான் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ரோமில் ஓர் உணவகத்தில் சாப்பிட்டு முடித்து முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தும் பில் வரவில்லை. வந்தபோது நாங்கள் கேட்காத ஏதோ ஒன்றுக்கும் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் போட்டிருந்தார்கள். எங்கள் நிறத்தைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்களா? (செம்பனை ஆலையில் பணிபுரியும் இளைஞர்)

பதில்: இல்லை, தம்பி. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் பிரான்சிலும் கேட்பதற்கு முன் பில்லைக் கொண்டுவந்து வைப்பது 'எழுந்து போங்கள்' என்று சொல்வதற்குச் சமம். மேசை அந்த வேளை முழுவதும் உங்களுடையது என்ற கணக்கில் அவர்கள் உங்களைத் தொந்தரவு செய்யாமல் விட்டிருக்கிறார்கள். நம் மாமாக் கடைகளில் பரபரப்பாக ஓடும் பணியாளரைப் பார்த்துப் பழகிய நமக்கு அது அலட்சியமாகத் தோன்றுகிறது. கையைச் சற்று உயர்த்திக் கேட்டால் போதும்.

இத்தகைய தலைக்கட்டணத்துக்குக் 'கோப்பெர்த்தோ' என்று பெயர். ரொட்டி, மேசை விரிப்பு ஆகியவற்றுக்காக இத்தாலியின் பல ஊர்களில் உள்ளூர்க்காரரிடமும் வாங்குவதுதான். ரோமில் மட்டும் அந்தப் பெயரில் வாங்க 2006ல் தடை வந்தது, அங்கே ரொட்டிக்கென்று போடுவார்கள். உணவுப் பட்டியலின் ஓரத்தில் அச்சிட்டிருப்பார்கள். போர்த்துகல்லில் கேட்காமலே ரொட்டியும் ஒலிவமும் மேசைக்கு வரும். தொட்டால் விலை, தொடாவிட்டால் விலையில்லை. பிரான்சில் பட்டியலில் உள்ள விலையிலேயே சேவைக் கட்டணம் அடங்கியிருக்கும். அங்கே சாப்பாட்டோடு குழாய்த் தண்ணீரைக் குடுவையில் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. கேட்காதவருக்குப் புட்டித் தண்ணீர் வரும், அதற்குக் காசு. இத்தாலியக் காப்பிக்கடையில் நின்று குடிப்பதற்கு ஒரு விலை, உட்கார்ந்து குடிப்பதற்கு வேறொரு விலை இருக்கலாம். சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் சதுக்கங்களில் ஏமாற்றுபவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்கள் நிறம் பார்ப்பதில்லை, பணப்பையைப் பார்க்கிறார்கள்.

கேள்வி: ஜெர்மனியில் தெருவைக் கடக்கும்போது வண்டி எதுவும் வரவில்லை என்பதால் சிவப்பு விளக்கிலேயே நடந்துவிட்டேன். ஒரு மூதாட்டி என்னை நடுத்தெருவில் நிறுத்தித் திட்டினார். வெளிநாட்டவரை இப்படியா அவமதிப்பது?

பதில்: அருகில் குழந்தை யாராவது நின்றிருந்ததா? பெரும்பாலும் இருந்திருக்கும். குழந்தைகளின் கண்முன் சிவப்பு விளக்கில் கடப்பதை ஜெர்மானியர்கள் மிகக் கெட்ட முன்மாதிரியாகக் கருதுகிறார்கள், அதைச் செய்பவர் பெர்லின்காரரானாலும் திட்டு விழும். உங்களை வெளிநாட்டவர் என்று ஒதுக்கி மன்னித்துவிடாமல் தன் ஊர்க்காரரைப் போலவே அந்த அம்மையார் கண்டித்திருக்கிறார். அதை அவமதிப்பு என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன், கேட்கும்போது சுகமாக இராது என்பது வேறு விஷயம்.

அந்த நாட்டில் பயணிக்கென்று தனிச் சலுகை கிடையாது. பல நகரங்களின் சுரங்க இரயில் நிலையங்களில் தடுப்புக் கதவே இல்லை. நீங்கள் சீட்டு வாங்கி, முத்திரையிட வேண்டிய சீட்டானால் முத்திரையும் இட்டிருப்பீர்கள் என்று நம்பி உள்ளே விடுகிறார்கள். சாதாரண உடையில் வரும் சோதகரிடம் செல்லாத சீட்டோடு அகப்பட்டால் பெர்லினில் 60 யூரோ கட்ட வேண்டும்; 'எனக்குத் தெரியாது, நான் சுற்றுலாப் பயணி' என்ற சொல் அங்கே எடுபடாது. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், வாடகைக்கு எடுத்த வீட்டில் அன்று ஆணியடித்தால் அடுத்த வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். இவற்றையெல்லாம் முன்கூட்டித் தெரிந்துகொண்டு போகிறவருக்கு ஜெர்மனியைப் போல் நிம்மதியான நாடு குறைவு.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள் அம்மா. கறுப்பான தோலுடன் ஐரோப்பாவில் நடந்தால் நம்மை வேறு மாதிரிப் பார்ப்பார்களா, மாட்டார்களா? (தமிழ்ப்பள்ளி ஆசிரியை)

பதில்: சில இடங்களில் பார்ப்பார்கள், சகோதரி. இதை மறைத்து எழுதுவது வாசகருக்குச் செய்யும் துரோகம். ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் அமைப்பு ஆப்பிரிக்க வம்சாவளியினரிடையே நடத்திய ஆய்வின் முடிவை 2023ல் வெளியிட்டது. கேள்விக்குப் பதிலளித்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர், அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் இனப்பாகுபாட்டைச் சந்தித்ததாகச் சொல்லியிருந்தார்கள். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் அந்த விகிதம் மிக அதிகமாக, பத்தில் ஏழு பேருக்கும் மேலாக இருந்தது. ஆனால் இது அங்கேயே வாழ்கிறவர்களிடம் எடுத்த கணக்கு. வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் வாடகை வீடு தேடும்போதும்தான் பாகுபாடு தன் முழு உருவத்தைக் காட்டுகிறது. கையில் திரும்பும் பயணச்சீட்டும் கழுத்தில் புகைப்படக் கருவியுமாக வரும் பயணிக்கு, பத்து நாட்களில் போய்விடுவார் என்பதாலேயே, பெரும்பாலும் புன்னகை கிடைக்கிறது. அந்தப் புன்னகையை வைத்து அங்கு வாழும் கறுப்பினத்தவரின் நிலையை அளக்க வேண்டாம்.

அந்தப் பாகுபாடு பயணியையும் எட்டாமல் போவதில்லை. எல்லை கடந்து செல்லும் ஓர் இரயிலில், பெட்டி நிறைய ஆட்கள் இருக்க, என்னிடமும் இன்னும் இரண்டு கறுத்த முகங்களிடமும் மட்டும் கடவுச்சீட்டைக் கேட்டுவிட்டுக் காவலர்கள் இறங்கிப்போனதை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் பேச்சில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. தேர்ந்தெடுத்த முறையிலேயே எல்லாம் இருந்தது. தங்களுக்குள் எல்லைகளைத் திறந்துவிட ஒப்பந்தம் செய்துகொண்ட செங்கன் நாடுகளுக்கிடையே எல்லைச் சோதனை இல்லை என்பார்கள். ஆனால் 2024 செப்டம்பரில் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் தற்காலிகச் சோதனையைக் கொண்டுவந்தது, வேறு சில நாடுகளும் அவ்வாறே செய்திருக்கின்றன. ஆகவே கடவுச்சீட்டை விடுதியில் பூட்டி வைத்துவிட்டு அடுத்த நாட்டுக்குப் பகல்பொழுதுப் பயணம் போகாதீர்கள். யாராவது தெருவில் மிரட்டினால் வாதாட வேண்டாம். ஒன்றிய நாடுகள் எல்லாவற்றிலும் 112 என்ற அவசர எண் இயங்குகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1980கள் முதல் இலங்கையிலிருந்து அகதிகளாகச் சென்ற தமிழர்கள் பாரிஸ், சூரிக் உணவகங்களின் சமையலறைகளில் பாத்திரம் கழுவித் தொடங்கிய வாழ்க்கை, இன்று அந்த நாடுகளில் தமிழ் முகத்தை ஒரு பழகிய முகமாக்கியிருக்கிறது. பாரிஸின் லா ஷப்பேல் பகுதியில் தமிழிலேயே கடைப்பலகைகள் தொங்குகின்றன. ஜெர்மனியின் ஹம் நகரில் 2002ல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயிலின் தேரை ஆயிரக்கணக்கான மக்கள் இழுக்கும்போது உள்ளூர் ஜெர்மானியர்களும் ஓரத்தில் நின்று பார்க்கிறார்கள். பெர்ன் நகரில் 2014ல் திறந்த பல்சமய இல்லத்தில் ஒரு சைவக் கோயிலும் இருக்கிறது. அங்கே நாம் போய் 'தமிழர்' என்றதும் 'இலங்கையா?' என்று அன்போடு கேட்பார்கள். மலேசியாவிலும் தமிழர் இருக்கிறார்கள் என்பதை விளக்கச் சற்று நேரம் பிடிக்கும்.

கேள்வி: ஐரோப்பியர் நம்மை எப்படி நடத்துகிறார்கள் என்று ஆராயும் நாம், நம் செம்பனைத் தோட்டங்களுக்கு வந்திருக்கும் வங்காளதேசத்தாரையும் இந்தோனேசியரையும் எப்படி நடத்துகிறோம்?

பதில்: மோசமாக. பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் அவர் பக்கத்தில் நின்றால் பணப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறோம். அவருடைய பெயரைக் கேட்காமல் நாட்டின் பெயராலேயே கூப்பிடுகிறோம். நம் தாத்தாக்கள் கப்பலில் வந்திறங்கி இதே லயங்களில் இதே பார்வையைத் தாங்கியவர்கள். முந்தைய பதிலில் பயணிக்கும் குடியேறியவருக்கும் இடையே நான் சொன்ன வேறுபாட்டை இங்கேயும் பொருத்திப் பார்க்கலாம்: கேமரன் மலைக்குப் போகும் வழியில் நம் ஊரில் இறங்கித் தேநீர் குடிக்கும் வெள்ளைக்காரருக்கு நாற்காலியைத் துடைத்துப் போடுகிறோம்.

கேள்வி: என் மகன் போலந்தில் மருத்துவம் படிக்கிறான். அவனுடைய நண்பனின் பெற்றோர் கிராக்கோவில் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு எங்களைத் தங்கள் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் உபசாரத்துக்காகச் சொல்வார்கள், போகக் கூடாது என்கிறார் என் கணவர். நாங்கள் புலால் உண்ணாதவர்கள். போகலாமா? என்ன எடுத்துச் செல்வது?

பதில்: கட்டாயம் போங்கள். போலந்துக் குடும்பம் டிசம்பர் 24 இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்தால் அது வாய் உபசாரமாக இருக்க முடியாது; அந்த நாட்டில் ஆண்டிலேயே மிக முக்கியமான குடும்ப வேளை அதுதான். அன்று மேசையில் ஒரு தட்டைக் கூடுதலாக வைத்து ஒரு நாற்காலியைக் காலியாக விடுவார்கள். எதிர்பாராமல் கதவைத் தட்டும் விருந்தினருக்காக என்று அதற்குக் காரணம் சொல்வார்கள்.

உங்கள் உணவைப் பற்றிய கவலைக்கும் அந்த நாளே நல்ல நாள். வானத்தில் முதல் நட்சத்திரம் தோன்றிய பிறகே சாப்பாடு தொடங்கும். மரபுப்படி பன்னிரண்டு வகைகள் இருக்கும், இறைச்சி ஒன்றுகூட இராது. மீன் இருக்கும், அதை மட்டும் முன்கூட்டியே உங்கள் மகனிடம் சொல்லி விலக்கிக்கொள்ளலாம். பீட்ரூட் சாறு, காளானும் முட்டைக்கோசும் பொதிந்த கொழுக்கட்டைகள், கசகசாப் பலகாரங்கள் எல்லாம் உங்களுக்கு ஆகும். தொடங்குமுன் மெல்லிய அப்பம் ஒன்றை ஒவ்வொருவரும் பிட்டு மற்றவருக்குக் கொடுத்து வாழ்த்துச் சொல்வார்கள். உங்களிடமும் நீட்டுவார்கள். வேற்றுச் சமயச் சடங்கு என்று தயங்காமல் பிட்டு வாங்கிக்கொண்டு, தமிழிலேயே வாழ்த்தினாலும் அவர்கள் மகிழ்வார்கள்.

பூங்கொத்து வாங்கினால் பூக்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கட்டும். இரட்டைப்படை சாவுக்குரியது. சாமந்தி வேண்டவே வேண்டாம், அது அங்கே கல்லறைப் பூ. வாசற்படியில் நின்றபடி கை குலுக்காதீர்கள். உள்ளே காலை வைத்த பிறகு குலுக்குங்கள். செருப்பைக் கழற்றுவதில் நமக்குச் சிரமமில்லை. பல வீடுகளில் உள்ளே போட்டுக்கொள்ள மிதியடியும் தருவார்கள். வேண்டாம் என்று சொன்னாலும் மறுபடி மறுபடி பரிமாறுவார்கள், அது நம் வீட்டைப் போலவே இருக்கும்.

உங்கள் கணவர் சொன்னதும் காரணமில்லாத எச்சரிக்கை அல்ல, அது இங்கிலாந்துக்குப் பொருந்தும். 'ஒருநாள் தேநீருக்கு வீட்டுக்கு வாருங்களேன்' என்று ஆங்கிலேயர் சொன்னால் நாள், நேரம் குறிக்கும்வரை அது நல்லெண்ணம் மட்டுமே. வடக்கே போனால் இன்னொரு விதம்: 2022ல் ஸ்வீடனைப் பற்றி இணையத்தில் பெரிய விவாதம் எழுந்தது. தங்கள் பிள்ளையுடன் விளையாட வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையை அறையிலேயே இருக்க விட்டுவிட்டுக் குடும்பத்தார் மட்டும் இரவுச் சாப்பாடு சாப்பிடும் வழக்கம் சில வீடுகளில் இருந்தது என்று ஸ்வீடன்காரர்களே ஒப்புக்கொண்டபோது, உலகின் பாதிப்பேருக்கு நம்ப முடியவில்லை. அந்தப் பிள்ளையின் வீட்டில் சமைத்து வைத்திருப்பார்களே, நாம் குறுக்கிடலாமா, அவர்களைக் கடன்படுத்தலாமா என்பது அவர்கள் தரப்பு நியாயம். எனக்கு அந்த நியாயம் விளங்குகிறது, மனம் ஏற்கவில்லை. தெற்கிலும் தென்கிழக்கிலும் இதற்கு நேர்மாறு. பழங்கால கிரேக்கர்கள் தங்கள் தலைமைக் கடவுளான சியூஸையே விருந்தினரின் காவலராக வழிபட்டவர்கள். அல்பேனியாவில் வீடு கடவுளுக்கும் விருந்தினருக்கும் உரியது என்று அவர்களுடைய பழைய வழக்குச் சட்டம் சொல்கிறது; இரண்டாம் உலகப் போரில் நாஜிகளிடமிருந்து தப்பி வந்த யூதர்களை அல்பேனிய முஸ்லிம் குடும்பங்கள் தங்கள் வீடுகளில் ஒளித்து வைத்துக் காப்பாற்றியதற்கு இந்த மரபையே காரணமாகச் சொன்னார்கள்.

கேள்வி: பல்கேரியாவில் 'ஆம்' என்பதற்குத் தலையை இடவலமாக ஆட்டுவார்கள் என்பது உண்மையா?

பதில்: உண்மை. 'இல்லை' என்பதற்கு மேலும் கீழும் அசைப்பார்கள். வெளிநாட்டவரிடம் பேசும்போது சிலர் நமக்காக மாற்றி ஆட்டுவதால் குழப்பம் இரட்டிப்பாகும். நாம் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி ஆட்டுவதைப் பார்த்தால் அவர்கள் என்ன ஆவார்கள் என்று தெரியவில்லை. வாயால் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: நம்மை ஆண்டவர்கள் ஆங்கிலேயர்கள். பால் மரம் வெட்டி அவர்களை வாழவைத்தது நம் பாட்டன் பாட்டி. அந்த நன்றியோ குற்ற உணர்வோ லண்டனில் நம்மை நடத்தும் முறையில் தெரிகிறதா?

பதில்: தெரியவில்லை, ஐயா. நன்றியும் இல்லை, குற்ற உணர்வும் இல்லை; பெரும்பாலோருக்கு அந்தக் கதையே தெரியாது. 1876ல் பிரேசிலிலிருந்து எடுத்துவந்த இரப்பர் விதைகள் லண்டனை அடுத்த கியூ தோட்டத்தில் முளைத்தன. அங்கிருந்து வந்த கன்றுகளில் சில 1877ல், உங்கள் ஊரிலிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் கோலகங்சாரில், அன்றைய பேராக் ரெசிடென்டான (பிரிட்டிஷ் ஆட்சிப் பிரதிநிதியான) ஹியூ லோவின் தோட்டத்தில் நடப்பட்டன. கியூ தோட்டத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்கிப் போகிற சாதாரண ஆங்கிலேயருக்கு அந்தக் கன்றுகளின் அடியில் யார் குனிந்து நின்றார்கள் என்ற கேள்வி எழ வாய்ப்பே இல்லை. பள்ளியில் அதைச் சொல்லித் தந்தால் மாறலாம்.

நடைமுறையில், மலேசியக் கடவுச்சீட்டு உள்ளவர் ஆறு மாதம் வரை விசா இல்லாமல் பிரிட்டனில் சுற்றிப் பார்க்கலாம். ஆனால் 2025 ஜனவரி 8 முதல் மின்னணுப் பயண அனுமதியை முன்கூட்டியே இணையத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். உள்ளே போன பிறகு ஆங்கிலேயர் உங்களை எல்லாரையும் நடத்துவது போலவே நடத்துவார்: வரிசையை மதித்தால் நீங்கள் நல்லவர், மீறினால் யாரும் வாய் திறந்து கண்டிக்க மாட்டார்கள், ஆனால் முதுகில் இருபது கண்கள் பதியும். அவர் காலை நீங்கள் மிதித்தாலும் மன்னிப்புக் கேட்பது அவராகத்தான் இருக்கும். சம்பளம் எவ்வளவு, ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று நாம் அக்கறையோடு கேட்கும் கேள்விகள் அங்கே அத்துமீறல். அயர்லாந்துக்கு ஒருமுறை படகேறிப் பாருங்கள். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவர் உங்கள் பாட்டன் கதையைக் கேட்டு, தன் பாட்டனையும் இதே ஆங்கிலேயர் எப்படி ஆண்டார்கள் என்று தொடங்கிவிடுவார்.

கேள்வி: பார்சிலோனாவில் சுற்றுலாப் பயணிகள் மீது தண்ணீர் பீய்ச்சியதாகப் படித்தேன். வேண்டாம் என்று சொல்கிற ஊருக்கு நாம் ஏன் போக வேண்டும்?

பதில்: 2024 ஜூலையில் நடந்த ஊர்வலத்தில் சிலர் விளையாட்டுத் துப்பாக்கியால் அப்படிச் செய்தது உண்மை. அவர்களுடைய கோபம் அந்நியர் மீதானதன்று, வீட்டு வாடகை மீதானது. குடும்பங்கள் குடியிருந்த வீடுகள் பயணிகளுக்கு நாள்வாடகைக்குப் போகின்றன. உள்ளூர்ப் பிள்ளைகள் ஊருக்கு வெளியே வீடு தேடுகிறார்கள். அந்த நகராட்சி, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அத்தகைய வீடுகளின் உரிமத்தை 2028க்குள் முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக அறிவித்திருக்கிறது. வெனிஸ் 2024 முதல், நெரிசலான சில நாட்களில், பகலில் வந்து போகிறவர்களிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. ஆம்ஸ்டர்டாம் 2023ல், குடித்துக் கும்மாளமிட வரும் பிரிட்டன் இளைஞர்களைப் பார்த்து 'வராதீர்கள்' என்றே விளம்பரம் செய்தது. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டில் ஆயிரம் பேர்கூட வசிக்கவில்லை, உச்சப் பருவத்தில் ஒரே நாளில் பத்தாயிரம் பேர் வருகிறார்கள். 2023ல் படமெடுக்கும் கூட்டத்தைக் குறைப்பதற்காக அந்த ஊரார் ஏரிக் காட்சியை மறைத்து ஒரு மரவேலியைக்கூடச் சில நாள் நிறுத்திப் பார்த்தார்கள்.

பயணிகளைப் பார்த்து முகம் சுளிக்கும் ஐரோப்பியரில் பெரும்பாலோர் இத்தகைய பத்துப் பதினைந்து ஊர்களில்தான் இருக்கிறார்கள், நம் சுற்றுலாக் குழுக்கள் சரியாக அந்த ஊர்களுக்கே அழைத்துப் போகின்றன. பார்சிலோனாவுக்குப் பதிலாக அங்கிருந்து சில மணி நேரத்தில் போகக்கூடிய சாரகோசாவில் இறங்கினால், கடைக்காரரே உங்களை உட்கார வைத்து ஊரைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார். இரவு ஒன்பதுக்கு முன் சாப்பாடு கேட்டால் மட்டும் சிரிப்பார்.

கேள்வி: எனக்கு வயது இருபத்து மூன்று. பட்டப்படிப்பு முடித்துவிட்டுத் தனியாக நார்வே, பின்லாந்து போக ஆசை. அங்குள்ளவர்கள் யாரிடமும் பேச மாட்டார்கள், ஏதாவது ஆனால் உதவ மாட்டார்கள் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: போய் வாருங்கள், மகளே. பேருந்தில் உங்கள் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் ஒருவர் நின்றுகொண்டே வந்தால் அது உங்கள் மேல் உள்ள வெறுப்பு அன்று. உங்களுக்கு இடம் விட்டுக் கொடுக்கிறார். பின்லாந்தில் இருவர் பேசாமல் அரை மணி நேரம் சேர்ந்து இருப்பதும் நட்புதான். தானாக முன்வந்து உதவ மாட்டார்கள் என்பது உண்மை, ஏனெனில் கேட்காதவருக்கு உதவுவதை அவரை இயலாதவர் என்று சொல்வதாக எண்ணுகிறார்கள். தெளிவாக ஒரு கேள்வியைக் கேட்டால் வேலையை விட்டுவிட்டு நிலையம் வரை கூடவே நடந்து வருவார்கள். தனியாகப் போகும் பெண்ணை ஏன், எதற்கு, கணவர் எங்கே என்று யாரும் குடைய மாட்டார்கள். பாரிஸ், ரோம், பார்சிலோனா இரயில்களில் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்வது போன்ற எச்சரிக்கை அங்கே குறைவாகவே தேவைப்படும்.

நார்வேயின் உபசாரம் சட்டத்தில் இருக்கிறது. 1957ல் இயற்றிய ஒரு சட்டத்தின்படி, பயிரிடாத காட்டிலும் மலையிலும் யார் வேண்டுமானாலும் நடக்கலாம். ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளிக் கூடாரம் அடித்து இரண்டு இரவு வரை யாரையும் கேட்காமல் தங்கலாம். நிலம் தனியாருடையதாக இருந்தாலும் இந்த உரிமை உண்டு, நார்வே குடிமக்களுக்கு மட்டும் என்றும் இல்லை. தோட்ட எல்லையில் 'அத்துமீறி நுழையாதே' என்ற பலகையைப் பார்த்தே வளர்ந்த எனக்கு அந்த நாட்டில் மிகவும் பிடித்தது அதுதான். ஒருவரும் உங்களைப் பார்த்துச் சிரிக்காமலேயே தங்கள் நாட்டின் மலைகளை உங்களுக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: என் மைத்துனரை விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி இருபது நிமிடம் குடைந்துவிட்டார். அங்கே எப்படி நடந்துகொள்வது? உறவினருக்குக் கொஞ்சம் பலகாரம் கொண்டு போகலாமா?

பதில்: அதிகாரியின் கேள்விகளுக்கு நீண்ட கதை சொல்லாமல் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வதே சிறந்தது. திரும்பும் சீட்டு, தங்கும் இடத்தின் முகவரி, செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று ஆகியவற்றைத் தாளில் அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள். தொலைபேசியில் தேடிக்கொண்டிருந்தால் சந்தேகம் வளரும். உறவினர் வீட்டில் தங்குவதானால் அதை நேராகச் சொல்லுங்கள். விடுதி என்று சொல்லிவிட்டுப் பிறகு மாற்றுவதுதான் பலரைச் சிக்கலில் மாட்டுகிறது. மலேசியர் செங்கன் நாடுகளில் எந்த 180 நாள் காலத்திலும் 90 நாள் வரை விசா இல்லாமல் இருக்கலாம், அந்த 90 நாள் எல்லா நாடுகளுக்கும் சேர்த்துத்தான். 2025 அக்டோபர் 12 முதல் முத்திரைக்குப் பதிலாக விரல்ரேகையையும் முகப்படத்தையும் பதிவு செய்யும் முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். முதல்முறை போகிறவர்கள் வரிசையில் கூடுதல் நேரம் நிற்க நேரிடும்.

பலகாரத்தைப் பொறுத்தவரை, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர் இறைச்சியும் பாற்பொருளும் கொண்டுவரத் தடை இருப்பதால் நெய்ப்புட்டியும் கருவாட்டுக்குப் பக்கத்தில் நீங்கள் ஒளித்து வைக்கும் உப்புக்கண்டமும் குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். முறுக்கு, மிளகாய்த்தூள் போன்றவற்றுக்குத் தொல்லை இராது. பசுமையான இலைகளுக்கும் பழங்களுக்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், கறிவேப்பிலையும் அதில் அடக்கம். சான்றிதழ் தேவையில்லாத பழங்கள் என்று அவர்கள் விலக்கு அளித்திருப்பவை வாழை, தேங்காய், பேரீச்சை, அன்னாசி ஆகியவற்றோடு டுரியானும். சட்டம் அனுமதித்தாலும் விமான நிறுவனம் அதை ஏற்றுமா என்பதை மைத்துனர் முதலில் கேட்டுக்கொள்ளட்டும்.